பூரணம் வெளியே, மாவு உள்ளே

அவருக்குத் தமாஷ் சொல்ல வராது. அவரைத் தெரிந்த யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். டிராம் கண்டக்டராக இருந்தார். லஸ்ஸிலிருந்து ராயப்பேட்டை வழியாகப் போகும் வண்டி. பாதி மயிலாப்பூருக்கு அவர் முகம் பழக்கம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "சார், ஒரு தமாஷ் கேளுங்க. ஒரு ஆளு குடை வாங்கப் போனான்" என்று ஆரம்பிப்பார். உடனே அவருக்கே சந்தேகம் வந்துவிடும். எந்தக் கடைக்குப் போனான்? பூக்கடைப் பக்கமா, திருவல்லிக்கேணியா? மழைக்கு வாங்கினானா, வெயிலுக்கா? கைப்பிடி மரமா, பிரம்பா? இதையெல்லாம் தீர்த்துவிட்டு அந்த ஆளைக் கடைக்குள் நுழைய வைப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர் இறங்கிப் போயிருப்பார். இவர் அதற்காக நிறுத்துகிறவர் இல்லை. அடுத்து ஏறியவரிடம் விட்ட இடத்திலிருந்து தொடருவார். அந்த மனிதர், எந்தக் குடை, யாருடைய குடை என்று திருதிருவென்று விழிப்பார்.

ஒரு தடவை தலைப்பாகை கட்டிய வக்கீல் ஒருவர், முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குவதில்லை என்று கடைசி நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். வண்டி நின்றதும், "அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மறந்துட்டேன் சார்" என்றாராம். இதை எங்களுக்குச் சொன்னதே அவர்தான். சொல்லும்போதும் வக்கீலின் தலைப்பாகைக்குச் சரிகை இருந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் பாதியில் நின்றுவிட்டார். மீதியை அவர் மகள் ரீத்தாதான் சொல்லி முடித்தாள்.

சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், ஒரே வீட்டைத் தடுத்து நான்கு குடித்தனங்களுக்கு விட்டிருந்தார்கள். யுத்தம் ஆரம்பித்த சமயத்தில் கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்தேன். அவர்கள் அடுத்த குடித்தனம். அவர், அவர் மனைவி, ரீத்தா, மூன்றே பேர். மாதா கோயில் மணி அடித்தால் காலையில் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். எங்கள் சமையலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் எட்டவில்லை. அவர்கள் வீட்டில் கடுகு வெடித்தால் எனக்குத் தும்மல் வரும். பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காதைக் கழற்றி வைத்துவிட்டா நான் சமைக்க முடியும்?

ரீத்தாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். அப்பாவின் தமாஷை முழுசாக உட்கார்ந்து கேட்கிற ஒரே பிறவி அவள்தான். அவர் குடைக்கடை வாசலில் நின்று மரக்கைப்பிடியா பிரம்பா என்று திண்டாடும்போது அவள் முகத்தில் சிரிப்பு ஊற ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் விட்டுப் பிடிப்பாள். பிறகு, "நைனா, நான் சொல்ட்டா?" என்பாள்.

"சொல்லு, பாக்கலாம்."

"அவன் கடைய உட்டு வெளிய வர்றதுக்குள்ள மழை நின்னுபோச்சு. அவ்ளோதான்."

நிஜமான முடிவு அதுவா என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது. ஆனால் அவர் தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "அப்பனும் பொண்ணும் நல்லாக் கீது" என்று சொல்லி அவளும் சிரிப்பாள். நான் இந்தப் பக்கம் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அவருக்குத் தமாஷை ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கிறது மகளின் வேலை என்று அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு மாதிரி ஆகியிருந்தது.

பிறகு ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு வந்தது. பேச்சு பயமாகி, பயம் ஓட்டமாகிவிட்டது. மயிலாப்பூரில் தெருத்தெருவாகப் பூட்டுத் தொங்கியது. எழும்பூரில் ரயிலில் இடம் பிடிக்கிறவர்கள் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே வீசினார்கள். டிராம்காரர்கள் ஊரை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு. அவர் ரீத்தாவை மட்டும் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு நாள் சண்டை. "எம் பொண்ணு எங்கூடவே இருக்கட்டும். செத்தா மூணு பேரும் ஒண்ணா சாவோம்" என்றாள் அவர் மனைவி.

"இன்னா பேச்சு பேசற? புள்ளய வச்சினு வெள்ளாட்றியா? நான் அப்பன், நான் சொல்றேன், அவ போறா."

அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

என் மாமியாரையும் அதே வண்டியில்தான் ஏற்றினோம். அதனால் நானும் எழும்பூருக்குப் போயிருந்தேன். ரீத்தா ஜன்னலோரம் உட்கார்ந்து அழாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த மனுஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி, "பாப்பா, ஒரு தமாஷ் கேளு. ஒரு ஆளு ஆட்டுக்குட்டிய ரயில்ல இட்டுனு போனான்" என்று ஆரம்பித்தார். ஆட்டுக்குட்டி கறுப்பா வெள்ளையா என்ற இடத்துக்கு வரும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அவர் கூடவே ஓடினார். அவள் தலையை வெளியே நீட்டி, "நைனா, மீதிய நான் வந்து சொல்றேன்!" என்று கத்தினாள். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பட்டணத்தில் அந்தச் சமயத்தில் ஒரு குண்டும் விழவில்லை. ரீத்தாவுக்குக் கிராமத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. வைத்தியரைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு போய் வருவதற்குள் முடிந்துவிட்டது. வெயில் காலம், வைத்திருக்க முடியாது என்று அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். அவர் தங்கையின் புருஷன் வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று இதைச் சொன்னான். தகப்பனும் தாயும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க இருந்தா ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்." அதை அவரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவரிடம் எதையுமே சொல்லவில்லை.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நேரத்துக்குச் சோறு வைப்பாள். காக்கி உடுப்பைத் துவைத்து மடித்து வைப்பாள். காப்பி தயார் என்றால் டம்ளரைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள், அவர் எழுந்து வந்து எடுத்துக்கொள்வார். என்னிடம் பேசுவாள், மீன்காரியிடம் பேரம் பேசுவாள், கோயிலில் மற்றவர்களோடு சேர்ந்து ஜெபமாலை சொல்வாள். அவர் முன்னால் மட்டும் ஊமை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வரும். அடுத்த நிமிஷம் அவள் வயிறு எரிகிற எரிச்சல் எனக்கு என்ன தெரியும் என்று தோன்றி அடங்கிவிடும்.

அவரும் தமாஷை நிறுத்திவிட்டார். வண்டியில் யாராவது பழைய ஆள், "என்ன கண்டக்டர், அந்தக் குடை என்னய்யா ஆச்சு?" என்று கேட்டால் டிக்கெட்டை நீட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்.

இப்படி இரண்டு வருஷத்துக்குமேல் போயிற்று.

அந்நாளில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் பெரிய மனுஷர்கள்தான். எங்களைப் போன்றவர்களுக்காகக் கார்ப்பரேஷன் பூங்காக்களில் ஒரு மரப்பெட்டிக்குள் ரேடியோவை வைத்து, ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சாயங்காலம் காவற்காரன் பெட்டியைத் திறப்பான். அவனுக்கு நேரமாகிவிட்டால், பாட்டானாலும் பேச்சானாலும் பாதியிலேயே மூடிப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விடுவான். யுத்த காலத்து உத்தரவு, இருட்டின பிறகு பூங்காவில் ஆள் இருக்கக்கூடாது என்பான்.

ஒருநாள் நானும் என் வீட்டுக்காரரும் புல்தரையில் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து வந்த அவரும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரு ஹாஸ்ய நாடகம் போட்டார்கள். மாமியார் விருந்துக்கு வருகிற நாளில் பெண்டாட்டி தலைவலி என்று படுத்துவிடுகிறாள். சமையல் என்ன பெரிய வித்தையா என்று புருஷன் கொழுக்கட்டை செய்யக் கிளம்புகிறான். பெண்டாட்டி படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கேட்டு, கடைசியில் மாவை உள்ளே வைத்துப் பூரணத்தை வெளியே பூசி வேகவைத்துவிடுகிறான். ஒரே சிரிப்பு. புல்தரையில் ஆட்கள் உருண்டார்கள். நான் சட்டென்று ஓரமாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழையபடி.

ரேடியோவில் கதவு தட்டுகிற சத்தம். மாமியார் வந்துவிட்டாள். அடுப்படிக்கு வந்தாள். மூடியைத் தூக்கினாள். "மாப்பிள்ளே..." என்று ஆரம்பித்தாள்.

காவற்காரன் பெட்டியைச் சாத்தினான்.

"யோவ், ரெண்டு நிமிஷம் உடுய்யா!" என்று நாலு பேர் எழுந்து ஓடினார்கள். அவன் அசையவில்லை. "ஆர்டர், ஆர்டர்" என்று சொல்லிக்கொண்டே பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தான். எல்லோரும் அவனைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். அவர் மட்டும் புல்தரையில் உட்கார்ந்து மூடியிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. நான் அரிவாள்மணையில் நறுக்குவதை நிறுத்தினேன். மனைவிக்கு அந்த நாடகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் எந்த ஊர்க்காரி என்று ஒரு சந்தேகம், அடுப்பு விறகடுப்பா கரியடுப்பா என்று ஒரு சந்தேகம். தடவித் தடவி எப்படியோ மூடியைத் தூக்குகிற இடத்துக்கு வந்துவிட்டார். "மாப்பிள்ளே, அப்டின்னா..." என்று சொல்லி நிறுத்தினார்.

அதற்குமேல் அவருக்கும் தெரியாது. ஆனாலும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார், பழக்க தோஷம். அந்த இடத்தில்தானே ஒரு குரல் வரும்? வரவில்லை. ஒரு பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்து வாசலுக்குப் போகிற செருப்புச் சத்தம்.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளன்று நல்ல மழை. அன்றைக்கு வேதக்காரர்கள் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தங்கள் மனுஷர்களின் கல்லறையில் விளக்கேற்றிவிட்டு வருவார்கள். கல்லறை வேறு ஊரில் இருப்பவர்கள் தோட்டத்து நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றிவிட்டு வரவேண்டியதுதான். அவர் மனைவி மத்தியானமே தனியாகக் கிளம்பிவிட்டாள். அவரைக் கூப்பிடவில்லை. அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்கு முந்தின வருஷங்களிலும் கூப்பிட்டதில்லை.

அவள் தலை மறைந்ததும் அவர் என் வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, உன் இட்லிப் பானைய கொஞ்சம் குடேன்."

"எதுக்கு அண்ணே?"

"ஒண்ணு செஞ்சு பாக்கணும்" என்றார்.

அரிசியும் சர்க்கரையும் ரேஷன், வெல்லம் குதிரைக்கொம்பு. எங்கே பிடித்தாரோ, ஒரு அச்சு வெல்லம் வைத்திருந்தார். பாதித் தேங்காய் வைத்திருந்தார். ரேஷன் அரிசியை ஊறவைத்து இடித்து மாவாக்கியிருந்தார். ஈர விறகில் புகை கிளம்பிச் சுவர்மேல் ஏறி என் பக்கம் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குரலும் வந்தது.

"தங்கச்சி, பூரணம் மாவு மேல நிக்க மாட்டேங்குது. நழுவிக்கினே போவுது."

"நிக்காது அண்ணே. அது உள்ளே இருக்கவேண்டியது."

"தெரியும்மா. ரேடியோல நின்னுச்சே!"

ரேடியோவில் நின்றதை யார் பார்த்தார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். முதல் ஈடு பாழ். வெல்லம் உருகித் துணி வழியாகப் பானைத் தண்ணீரில் இறங்கிவிட்டது. வெறும் மாவு உருண்டைகள் மொட்டை மொட்டையாக உட்கார்ந்திருந்தன. நான் வாழையிலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டாம் ஈட்டை இலையில் சுற்றி, நாரால் கட்டி வைத்தார். பிரித்துப் பார்த்தபோது ஏதோ ஒரு உருவமாக இருந்தது. வெளியே கறுத்த தேங்காயும் வெல்லமும், அங்கங்கே வெள்ளையாக மாவு எட்டிப் பார்க்கும். சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கச் சகிக்காது. அவர் முகத்தில் மட்டும் அவ்வளவு பெருமை.

அவர் மனைவி நனைந்துகொண்டு வந்தாள். கையில் மெழுகுவர்த்திகள் அப்படியே இருந்தன. மழையில் ஒன்றுகூட நின்று எரியவில்லை என்று என்னிடம் சொன்னாள். பிறகு அவர் தட்டில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

இட்லிப் பானையைத் திருப்பி வாங்கப் போன நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். போயிருக்க வேண்டும்தான்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். "அன்னிக்கு ரேடியோல... அந்த மாப்ளே செஞ்சது இதான். மாமியார் மூடியத் தூக்கிப் பாத்தா. மாப்பிள்ளே, அப்டின்னா..."

நின்றார். காத்திருந்தார். வெளியே மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இவள் எழுந்து உள்ளே போகப் போகிறாள், இன்றைக்கு இந்த மனுஷன் நொறுங்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவ இருந்தா சொல்லியிருப்பா" என்றாள் அவர் மனைவி.

அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர், "ஆமா" என்றார். கையில் ஒட்டியிருந்த வெல்லத்தோடு முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் ஈரப் புடவையோடு எழுந்து போய்ப் பரணிலிருந்து நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டு ஒன்றை எடுத்தாள். ரீத்தாவின் தட்டு. அதைத் துடைத்து நடுவில் வைத்து, அதில் ஒரு கொழுக்கட்டையை வைத்தாள். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியைத் துடைத்து ஏற்றி நிறுத்தினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "மொதல்லேர்ந்து சொல்லுங்க. அவளுக்குக் கேக்கணும்" என்றாள்.

அவர் சொன்னார். அன்றைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எந்த ஊர் மாமியார், எந்த அடுப்பு என்று எங்கேயும் திரும்பவில்லை. நேராக, நன்றாக, ஒரு வார்த்தை பிசகாமல் அந்தத் தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனார். மூடியைத் தூக்கினாள். "மாப்பிள்ளே, அப்டின்னா..."

இருவரும் தட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். ஒரு குழந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் சொல்ட்டா?" என்று கேட்டு, யோசித்து, ஒரு முடிவைச் சொல்லுகிற அளவு நேரம். பிறகு அவர் மனைவி தன் பங்குக்கு ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அவரும் சாப்பிட்டார். நான் பானையை வாங்காமல் வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர்கள் பேசினார்கள். நிறைய ஒன்றுமில்லை, அரிசி வந்துவிட்டதா, கூரை ஒழுகுகிறது, அந்த மாதிரி. பழைய சிரிப்பு அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இருவரும் சேர்ந்து பெரிய சிலுவைக்குப் போய் வருவார்கள். வந்ததும் அந்தக் கோணல் கொழுக்கட்டை. அந்தப் பாதிக் கதை. அந்த நீல விளிம்புத் தட்டின் முன்னால் அந்தக் காத்திருப்பு. வருஷா வருஷம் நான் இலை நறுக்கிக் கொடுப்பேன்.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு ஒருநாள் மாம்பலத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர்கள் புதிதாக ரேடியோ வாங்கியிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நாடகத்தை மறுபடியும் போட்டார்கள். பேச்சை விட்டுவிட்டு ரேடியோ பக்கம் நகர்ந்தேன். மூடியைத் தூக்குகிற இடம் வந்தது. மாமியார், "மாப்பிள்ளே..." என்றாள். பெட்டியை மூட அங்கே யாருமில்லை. முழுவதையும் கேட்டேன்.

பஸ் பிடித்து, வேர்க்க விறுவிறுக்க நேராக அவர்கள் வீட்டு வாசலுக்கு ஓடினேன். அவர் வேலையிலிருந்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே! அந்தக் கொழுக்கட்டை நாடகம் முழுசாக் கேட்டுட்டேன். கடைசியிலே அந்த மாமியார் என்ன சொல்றா தெரியுமா..."

அவர் சட்டென்று கையைக் காட்டினார். ஓடுகிற டிராமை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையை விரித்து.

"வேணாம் தங்கச்சி. சொல்லாத."

"நல்லா இருக்கு அண்ணே. ரொம்ப நாளாக் காத்துக்கினு இருந்தீங்களே?"

"அதுக்கு இல்லம்மா" என்றார். கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "மீதிய நான் வந்து சொல்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்குது பாப்பா. அது சொல்ல வேண்டியத நீ சொல்லிட்டா, அப்புறம் நாங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்குக் காத்திருக்கிறது?"

உள்ளேயிருந்து அவர் மனைவி டம்ளரைத் தரையில் தட்டினாள். காப்பி தயார். பிறகு நினைவு வந்தவள்போல, "காப்பி ஆறுது, வாங்க" என்றும் சொன்னாள். அவர் போனார்.

இப்போது டிராமும் இல்லை, அவர்களும் இல்லை. அந்த நாடகத்தை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். மாமியார் மூடியைத் தூக்கிப் பார்த்து என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை கேட்டார், அவரிடம்கூடச் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அது அந்தக் குழந்தை வந்து சொல்ல வேண்டியது.